நுரைத்த எண்ணெய்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் எந்த விசைப்படகு இன்ஜினும் மெக்கானிக் ரெய்மண்ட் கை வைத்தால் ஓடும். அதில் அவருக்கே சந்தேகம் கிடையாது. காலத்தில் ஆயில் மாற்றாத படகுக்காரர்களை அவர் ஏசாமல் விட்டதுமில்லை.

போன வருடம் அவருடைய வலது கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர், திரை ஒட்டி நிற்பதற்காகக் கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெய் நிரப்பினார். சில மாதங்களில் வந்து அதை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார். பார்வை தெளிந்ததும் ரெய்மண்ட் அந்தப் பக்கமே போகவில்லை.

"நல்லா ஓடுத இன்ஜினை எவனாவது பிரிப்பானா?" என்று மனைவி பிலோமியின் வாயை அடைத்துவிட்டார்.

இன்று காலை கண் சிவந்து, தலைவலி மண்டையைப் பிளந்தது. கண்ணாடி முன் நின்று இமையைத் தூக்கினார். கருவிழியின் மேல் ஓரத்தில் வெள்ளையாக நுரை தேங்கியிருந்தது.

"ஏளா பிலோமி, தண்ணி கலந்த இன்ஜின் ஆயில் மாதிரில்லா இருக்கு."

"இப்படி ஆயிலோட ஒரு போட்டு ரிப்பேருக்கு வந்தா, படகுக்காரனை என்ன சொல்லுவீங்க?"

ரெய்மண்ட் சட்டையை மாட்டினார். பிலோமி ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் வாயைத் திறக்குமுன் ரெய்மண்ட் முந்திக்கொண்டார்.

"ஏச வேண்டியதை முதல்ல ஏசிருங்க டாக்டர். பொறவு ஆயிலை எடுங்க."