குருநகர் மீன்சந்தையில் ஓர் அணு

1. வராத நோயாளி

திங்கட்கிழமை பிலோமினா வரவில்லை. பஸ் தவறியிருக்கும் என்று நினைத்தேன். செவ்வாயும் வரவில்லை. அப்போதுதான் பயம் பிடித்தது.

புற்றுநோய்ப் பிரிவில் கதிர்ச்சிகிச்சை கொடுக்கும் வேலையில் இருந்து அண்மையில்தான் ஓய்வுபெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மெசினைப் பழகுவது பெரிய விசயமில்லை. நான் சொல்ல வந்தது மெசினுக்கு வெளியே நடந்தது.

பிலோமினா கடற்கரை ஊரான குருநகரில் மீன் விற்கிறவர். மார்பில் சத்திரசிகிச்சை முடிந்து, கோபோல்ட் உலோகத்தில் இருந்து கதிர் விடும் எங்கள் மெசினில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். காலையில் எங்களிடம் வந்துவிட்டு, பின்னேரம் சந்தைக்குப் போய்விடுவார். கதிர்ச்சிகிச்சையை நடுவில் விடக்கூடாது. இடைவெளி விழுந்தால், தப்பி நிற்கும் புற்றுநோய்க் கலங்கள் (செல்கள்) மறுபடி பெருகத் தொடங்கும். அதனால் அவருக்குப் போன் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் பெண்கள் எல்லோரும் அவருக்கு 'மிஸி'தான்.

"மிஸி, நான் இனி வரேல்லை."

"ஏன் அக்கா? தோல் எரியுதோ?"

"எரிஞ்சாத் தாங்குவன். சந்தையில ஒருத்தரும் என்னட்டை மீன் வாங்கீனமில்லை. என்ரை மேலாலை கதிர் பாயுதாம். நான் தொட்ட மீனைத் திண்டா அவையளுக்கும் வருத்தம் வருமாம். மகளும் பேரப்பிள்ளையை என்ரை மடியில விடுறாளில்லை. உங்கடை மெசினாலை உயிர் தப்பி, ஒருத்தரும் கிட்ட வராமல் இருந்து என்ன செய்ய?"

நான் சொன்ன சமாதானம் ஒன்றும் எடுபடவில்லை. போனை வைத்துவிட்டார்.

எங்கள் பிரிவின் பௌதிகவியலாளர் ஆதவனிடம் போய்ச் சொன்னேன். யாருக்கு எவ்வளவு கதிர் என்று கணக்குப் போடுவது அவருடைய வேலை. கோப்பாய் ஊர்ப் பெடியன், முப்பது வயதிருக்கும், அதிகம் கதைக்காதவர்.

"அவ வராட்டில் நாங்கள் போவம், அக்கா" என்றார். டொக்டரிடம் அனுமதி கேட்டு, கதிர் அளக்கும் மீற்றரையும் எடுத்துக்கொண்டார்.

2. சந்தை

அன்று பின்னேரம் நாங்கள் போனபோது பிலோமினாவின் மீன்பலகைக்கு முன்னால் ஆளில்லை. பாரையும் விளைமீனும் அப்படியே கிடந்தன. எங்களைக் கண்டதும் அவருக்குக் கோபம்.

"ஊரைக் கூட்டவோ வந்தனீங்கள்?"

"ஓம் அக்கா, அதுக்குத்தான்" என்றார் ஆதவன்.

மீற்றரை முடுக்கிப் பிலோமினாவின் பக்கம் நீட்டினார். அது 'டிக், டிக்' என்றது. வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டம் இரண்டடி பின்னால் போனது.

"பாத்தியளே, அடிக்குது!" என்று கத்தினார் மரியதாஸ். பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். முன்பு நாளாந்தம் பிலோமினாவிடம்தான் மீன் வாங்குவார். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஆதவன் அசையவில்லை. மீற்றரை மரியதாஸின் நெஞ்சுக்கு நேரே பிடித்தார். அதே 'டிக், டிக்'. சந்தையின் கல்தூணில் பிடித்தார். அங்கே இன்னும் கொஞ்சம் கூடுதலாக அடித்தது.

"இது மண்ணிலயிருந்தும் கல்லிலயிருந்தும் வானத்திலயிருந்தும் வாற கதிர். எப்பவும் இருக்கிறது. அண்ணையில எவ்வளவோ, அக்காவிலயும் அவ்வளவுதான்."

"அப்ப மெசினாலை அவவுக்குள்ள போன கதிர் எங்கை போச்சு?" மரியதாஸ் விடவில்லை.

நல்ல கேள்வி. ஆதவன் பலகையில் கிடந்த விளைமீனின் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"அண்ணை, எல்லாம் அணுவாலைதான் ஆனது. நீங்களும், நானும், இந்த மீனும். ஒரு அணுவை இந்தச் சந்தையளவுக்கு இல்லை, குருநகரளவுக்குப் பெருப்பிச்சுப் பாருங்கோ. நடுவில இருக்கிற கரு இந்த மீன் கண்ணளவுதான் இருக்கும். இலத்திரன் எண்டது அங்காலை, வள்ளங்கள் கட்டியிருக்கிற கரையில திரியும். இடையில ஒண்டுமில்லை, வெறும் வெளி."

"சரி, அதுக்கு?"

"கருவுக்குள்ள புரோத்தனும் நியூத்திரனும் இறுகிக் கிடக்கும். மெசினில இருக்கிற கோபோல்டுக்கு வழமையை விட ஒரு நியூத்திரன் கூட. அதாலை அந்தக் கரு இருப்புக்கொள்ளாமல் தவிக்கும். தவிப்பு அடங்கேக்கை கதிர் வெளிக்கிடும். அந்தக் கதிர் அக்காவின்ரை உடம்பில வந்து, வெளியால திரியிற இலத்திரனைத்தான் தட்டிவிடும். அதிலதான் புற்றுநோய்க் கலம் சாகிறது. அக்காவின்ரை அணுக்களின்ரை கருவை அது மாத்தாது. கரு மாறாட்டில், அவவிலயிருந்து கதிர் வர வழியே இல்லை."

பிலோமினாதான் கேட்டார்.

"தம்பி, அப்ப என்ரை கரு எல்லாம் பழைய கருதானோ?"

"ஓம் அக்கா. ஒண்டும் மாறேல்லை."

"இந்த வயசில உனக்கென்னடி கரு!" என்று அடுத்த பலகைக்காரி குரல் கொடுத்தாள். சந்தையே சிரித்தது. பிலோமினாவும் சிரித்தார். பிறகு மரியதாஸின் பக்கம் திரும்பினார்.

"இஞ்சை பார், டோர்ச் அடிச்சா முகம் வெளிக்கும். நிப்பாட்டினாப் பிறகும் முகம் வெளிச்சம் விடுமோ? அவ்வளவுதான் விசயம்."

நான் எத்தனையோ வருடமாக நோயாளிகளுக்குச் சொல்லத் தேடிய வசனம் அது.

ஆதவன் ஒரு பாரையைத் தூக்கினார். பிலோமினா அதைப் பறித்துத் திரும்பவும் பலகையில் வைத்தார்.

"நீர் வாங்காதையும் தம்பி. பாவம் பாத்து வாங்கினது எண்டுதான் சொல்லுவினம். பேசாமல் நில்லும்."

நின்றோம். அவர் கத்தியைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி நேரே பார்த்தபடி காத்திருந்தார். அந்த இடத்தில் நானாக இருந்திருந்தால் அழுதிருப்பேன். மரியதாஸ் செருமினார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு பலகைக்கு வந்தார்.

"உந்தப் பாரையை வெட்டித் தா" என்றார்.

3. மறுநாள்

மறுநாள் காலை பிலோமினா வந்தார். மகளும் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மகள் ஆதவனிடம் ஏதோ கேட்க வாயெடுத்தாள். பிறகு கேட்காமலே குழந்தையைத் தாயின் மடியில் வைத்தாள். பிலோமினா அந்தப் பிள்ளையின் உச்சியை மோந்தபடி கனநேரம் இருந்தார். அவருடைய முறை வந்தும் நான் கூப்பிடவில்லை.

விடுபட்ட நாட்களுக்கு ஏற்ப டொக்டர் சிகிச்சையைத் திருத்தினார். பிலோமினா ஒரு நாளும் தவறாமல் வந்து முடித்தார். இப்போதும் கிளினிக்குக்கு வந்து போகிறார், சுகமாக இருக்கிறார்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று. எல்லாச் சிகிச்சையும் ஒன்றல்ல. தைரொயிட் நோய்க்குக் கதிர்வீசும் அயடீன் குடிப்பவர்கள் சில நாட்கள் பிள்ளைகளை விட்டு விலகித்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் அங்கே கதிர் விடும் கருவே உடம்புக்குள் போகிறது. கோபோல்டில் அந்தக் கரு மெசினோடு நின்றுவிடுகிறது. கதிர் விடும் கரு எங்கே இருக்கிறது என்று முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கள். விடை தெரிந்ததும், நோயாளியை மெசினில் கிடத்துவதற்கு முன்னரே, வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லிவிடுங்கள்.