பெரிய திரையின் பொறுப்பாசிரியர்

கின்வெல் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தோட்டம் கிடையாது. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு அந்த இடத்தில் வீடுகளைக் கட்டி, வீடுகளுக்கு முன்னால் கார்களை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. பள்ளிக்கூடம் ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் இரண்டு மாடிக் கட்டிடமாக இடம் மாறியபோது, பெயர்ப்பலகையை மட்டும் மறக்காமல் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பெயர்ப்பலகையோடு சேர்ந்து வந்தவர் புஷ்பலதா டீச்சர். அதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, அதே பள்ளியில் படித்து, அதே பள்ளிக்கு ஆசிரியையாக வந்தவர். எண்பத்துச் சொச்சம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு இதைவிடப் பெரிய சரித்திரச் சின்னம் தேவையில்லை.

ஆனால் டீச்சரின் புகழ் பழமையால் வந்ததல்ல. தொழில்நுட்பத்தால் வந்தது.

ஊரடங்குக் காலத்தில் எல்லாரும் வீட்டிலிருந்தபடி கைப்பேசியில் கூட்டம் போட்டார்களே, அப்போது தலைமையாசிரியர் ஆம்புரோஸ் மூன்று வாரம் வெறும் மின்விசிறியாகவே கூட்டங்களை நடத்தினார். குரல் வரும், திரையில் அவர் வீட்டுக் கூரையும் விசிறியும் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். யாரும் வாய் திறக்கவில்லை. கணினித்துறையில் பட்டயம் வாங்கிய இளைஞர் யுகேந்திரன்கூட, தலைமையாசிரியருக்குப் பின்னணியில் விசிறி பிடிக்கும் போலும் என்று மரியாதையாக இருந்துவிட்டார். நான்காவது வாரம் புஷ்பலதா டீச்சர்தான் சொன்னார்.

"சார், போனை மேசையில படுக்க வெச்சிருக்கீங்க. கொஞ்சம் நிமித்திப் பிடிங்க."

நிமிர்த்தினார். முகம் வந்தது. அன்றிலிருந்து ஆம்புரோஸ் சாருக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது: இந்தப் பள்ளியில் கணினி அறிந்தவர் ஒருவர்தான். வருகைப்பதிவை இணையத்தில் ஏற்றும் பொறுப்பு, மதிப்பெண் பதிவுப் பொறுப்பு, கடவுச்சொற்களைக் காக்கும் பொறுப்பு எல்லாம் ஒவ்வொன்றாக டீச்சரின் தலையில் ஏறின. யுகேந்திரனுக்குப் பந்து விளையாட்டுப் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட பள்ளிக்குத்தான் மாவட்டக் கல்வி இலாகா ஒரு தொடுதிரையை அனுப்பியது. கட்டில் அகலத்துக்கு இருந்தது. விரலால் எழுதலாம், படம் ஓட்டலாம், கணக்குப் போடலாம். ஆனால் அது சொந்தம் இல்லை, சோதனைக்கு. ஒரு அதிகாரி வந்து பாடத்தைப் பார்ப்பார். நன்றாகப் பயன்படுத்தினால் திரை இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் ஈப்போவில் ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி காத்துக்கொண்டிருக்கிறது, அங்கே போய்விடும்.

அதற்கு முன்னால் டீச்சருக்கு ஈப்போவில் ஒரு ஹோட்டலில் பயிற்சி நடந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்றுநர் விளக்கினார். திரையின் சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒளி குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். விரல் அந்த ஒளியை மறைத்தால், இந்த இடத்தில் தொடுகிறார்கள் என்று திரை புரிந்துகொள்ளும். ஓர் ஈ போய் உட்கார்ந்தாலும் திரைக்கு அது விரல்தான். மதியச் சாப்பாட்டில் பிரியாணி பிரமாதமாக இருந்ததால், அதற்குப் பிறகு சொன்ன எதுவும் டீச்சரின் மனதில் நிற்கவில்லை. ஈ மட்டும் நின்றது.

மறுநாளே கொசு அடிக்கும் மின்சார மட்டை ஒன்றை வாங்கினார். திரை இருந்த அறைக்குள் செருப்போடு நுழையக்கூடாது, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு நுழையக்கூடாது, ஈயாக இருந்தால் நுழையவே கூடாது. மாலையில் பழைய திரைச்சீலைத் துணியில் தைத்த உறையை மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவருடைய கணவர் கனகராஜ் ஒருநாள் கேட்டார்:

"நம்ம வீட்டு டிவிக்கு ஒரு நாளாச்சும் இப்படித் துணி போத்தியிருக்கியா?"

"நம்ம டிவியில நீங்க பாக்குற படத்துக்கு நான் இன்னும் துணி போத்தாம விட்டிருக்கேனே, அது போதாதா?"

சும்மா சொல்லக்கூடாது, டீச்சர் அந்தத் திரையை ஆண்டார். இதயம் துடிப்பதை நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். வாய்ப்பாடு என்றாலே வயிற்றுவலி வரும் பிள்ளைகள் திரையில் விடையைத் தொட வரிசையில் தள்ளுமுள்ளு செய்தார்கள். மற்ற வகுப்பு ஆசிரியர்கள் மாஜோங் தாள் என்ற பெரிய வெள்ளைத்தாளில் படம் வரைந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கையில், புஷ்பலதா டீச்சர் ஒரு விரலால் பூமியைச் சுற்றினார். அந்த விரலை அவர் வகுப்புக்கு வெளியேயும் சற்று உயர்த்தியே வைத்திருந்ததாகச் சில பேர் சொன்னார்கள். பொறாமை.

அப்போதுதான் சரஸ்வதி பூசை வந்தது.

பள்ளியில் பூசை என்றால் குறை வைப்பதில்லை. நகல் எடுக்கும் இயந்திரம், மணியடிக்கும் பெட்டி, அலுவலகக் கணினி எல்லாம் சந்தனமும் குங்குமமும் பெற்றன. பெரிய திரைக்கு மட்டும் வேறு யாரும் வைக்க டீச்சர் விடவில்லை. கிண்ணத்தோடு நாற்காலியில் ஏறினார். சட்டத்தின் நடு உச்சியில் வைக்கப் போனவர் நிறுத்தினார். அங்கே கேமரா இருந்தது. கேமரா என்பது கண். கண்ணில் யாராவது சந்தனம் அப்புவார்களா? தொழில்நுட்பம் தெரிந்தவருக்குத்தானே இது தெரியும். எனவே வலது மேல்மூலையில், கையில் இருந்ததை எல்லாம் சேர்த்துக் கெட்டியாக ஒரு பொட்டு வைத்தார்.

திங்கட்கிழமை திரைக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

எதைத் திறந்தாலும் மூடிக்கொண்டது. பாடத்தைத் திறந்தால் பாடம் மூடும். படத்தைத் திறந்தால் படம் மூடும். யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் பக்கத்தில் நின்று, "போதும், வீட்டுக்குப் போங்க" என்று சொல்வதைப்போல.

பள்ளியே நோய் கண்டுபிடிக்க உட்கார்ந்தது. இணையம் மெதுவாக இருக்கிறது என்றார் ஒருவர். போன வாரத்து இடி என்றார் இன்னொருவர். கேன்டீன் அக்கா மட்டும் கட்டிடம் கட்டும்போது எந்த மரத்தை வெட்டினார்கள் என்று விசாரித்தார்.

"சாமானே ரோசாக்கா, பழுதா வந்திருக்கு சார்," என்று டீச்சர் ஆம்புரோஸ் சாரிடம் தீர்ப்புச் சொன்னார். "நம்ம மேல தப்பு இல்ல. ஒரு ஈகூட உள்ள விட்டதில்ல நான்."

திரையை விற்ற கம்பெனிக்குப் புகார் போனது. அணைத்துவிட்டு மறுபடியும் போடுங்கள் என்று பதில் வந்தது. போட்டார்கள். திரும்பவும் புகார் போனது. திரும்பவும் அதே பதில்.

"டீச்சர், நான் ஒரு தடவை பாக்கட்டா?" என்றார் யுகேந்திரன்.

"தாராளமா பாருங்க. தொடக்கூடாது."

யுகேந்திரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார். டீச்சர் தினமும் நாற்காலியில் ஏறி மெல்லிய துணியால் திரையைத் துடைத்தார். மூலையில் இருந்த பொட்டை மட்டும் சுற்றிப்போய்த் துடைத்தார். பூசைக்கு வைத்த பொட்டு தானாக உதிர வேண்டும், நாம் அழிக்கக்கூடாது.

அந்த வாரமே அதிகாரி சதாசிவம் வருகிறார் என்று செய்தி வந்தது. மாவட்ட இலாகாவில் அவர் சிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

"டீச்சர், பேசாம மாஜோங் தாள்லயே பாடத்தை முடிச்சிடலாம்லா," என்றார் ஆம்புரோஸ் சார். சிலுவைக்குறி போடாத குறை.

"திரையைக் குடுக்கலாமானு பாக்க வர்றவருகிட்ட மாஜோங் தாளைக் காட்டினா, போறப்போ எதைத் தூக்கிட்டுப் போவாரு சார்?"

டீச்சருக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. திரை போய்விட்டால் ஆயிரம் பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் அது இன்னொரு சாமான். இங்கே அப்படி இல்லை. தோட்டத்துப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் பள்ளி ஒன்று, முதல் தடவையாக எல்லாருக்கும் முன்னால் நின்றது.

வியாழக்கிழமை சதாசிவம் பின்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஆம்புரோஸ் சார், யுகேந்திரன். நான்காம் ஆண்டு அறிவியல். பாடம்: ஒளி. டீச்சர் பாடத்தைத் திறந்தார். மூடிக்கொண்டது. திறந்தார். மூடிக்கொண்டது. சதாசிவம் கையிலிருந்த பலகைக்கணினியில் ஏதோ தட்டினார்.

டீச்சர் கலங்கவில்லை. கலங்கியது வெளியே தெரியவில்லை. மேசையிலிருந்த டார்ச்லைட்டை எடுத்துச் சுவரில் அடித்தார்.

"ஒளி நேர்கோட்டுல போகும். வழியில எதுவாச்சும் மறைச்சா அது தாண்டிப் போகாது. மறைக்கிறது யானையா இருந்தாலும் சரி, ஒரு ஈயா இருந்தாலும்..."

அதோடு நிறுத்தினார். ஈ என்று சொன்ன வாய் மூடவில்லை. ஹோட்டல், பிரியாணி, பயிற்றுநர் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. டார்ச்லைட் தானாகத் திரையின் வலது மேல்மூலைக்குத் திரும்பியது. அங்கே சந்தனம் சட்டத்திலிருந்து உள்பக்கம் வழிந்து, காய்ந்து, கச்சிதமாக ஒரு விரல்நுனி அளவுக்கு நின்றது. திறந்ததை மூடும் பெருக்கல் குறியின் மேலேயே. நாலு நாளாக அந்தப் பொட்டு ஒரு கணமும் ஓயாமல் அந்தக் குறியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

முந்தானையால் சத்தமில்லாமல் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. டீச்சர் கையை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை. நாற்காலி வேண்டும். ஓர் அதிகாரிக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் நாற்காலியில் ஏறுவது எப்படி என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

"யுகேந்திரன் சார்," என்றார் கணீரென்று. "அந்த நாற்காலியைக் கொண்டாங்க. பரிசோதனை ஆரம்பிக்கப் போறோம்."

ஏறினார். பிள்ளைகளுக்குப் பொட்டைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத ஒளி சட்டத்துக்குள் ஓடுவதையும், பொட்டு அதை மறைத்ததையும், திரை அதை விரல் என்று நம்பி ஏமாந்ததையும் சொன்னார். முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டு இறங்கிப் பாடத்தைத் திறந்தார். திறந்தது திறந்தபடி நின்றது. பிறகு ஒரு பிள்ளையை நாற்காலியில் ஏற்றி, அழிப்பானை அந்த மூலையில் பிடிக்கச் சொன்னார். பாடம் மூடிக்கொண்டது. வகுப்பு ஓவென்று சிரித்தது. எல்லாருக்கும் மூடிப் பார்க்க ஆசை. வரிசை கட்டியது. வரிசையின் கடைசியில், பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, சதாசிவம் நின்றார்.

மூடிப் பார்த்தார். இரண்டாவது தடவையும் மூடிப் பார்த்தார்.

"பொட்டு வெச்சது யாரு?"

யுகேந்திரன் தரையைப் பார்த்தார். ஆம்புரோஸ் சார், பழைய பழக்கம், மின்விசிறியைப் பார்த்தார்.

"நான்தான் சார். பூசைக்கு," என்றார் புஷ்பலதா டீச்சர். "புகார் போட்டதும் நான்தான்."

"ரொம்பக் கெட்டியா வெச்சிருக்கீங்க டீச்சர்."

"கஞ்சத்தனம் காட்டினா சரஸ்வதிக்கு எப்படி சார் எட்டும்?"

சதாசிவம் மூடியைப் பேனாவில் மாட்டினார். "எங்க ஆபீஸ் பிரிண்டர்ல பூசை முடிஞ்சதுலேர்ந்து பேப்பர் சிக்குது," என்றார் கடைசியில். "போய்ப் பாக்கணும்." படியிறங்கும்போது ஆம்புரோஸ் சாரிடம், "திரை இங்கயே இருக்கட்டும். அந்த டீச்சரும்தான்," என்று சொன்னார். அவர் சிரித்ததாக ஆம்புரோஸ் சார் இன்றுவரை சாதிக்கிறார். வேறு சாட்சி இல்லை.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குத் திரைப் பராமரிப்பைப் பற்றிப் பேச டீச்சரை அதே ஈப்போ ஹோட்டலுக்கு அழைத்தார்கள். பாகான் டத்தோவிலிருந்தெல்லாம் ஆசிரியர்கள் வந்தார்கள். டீச்சர் ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறு கையில் டார்ச்லைட்டுமாக மேடையேறினார். பிரியாணிக்கு முன்னாலேயே பேசி முடித்துவிட வேண்டும் என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை. திரையைத் தொட்டுப் பார்க்க யுகேந்திரனுக்கு இப்போது அனுமதி உண்டு, இடது பக்கம் மட்டும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் ஆம்புரோஸ் சார் வெள்ளித்தாளில் செய்த ஒரு நட்சத்திரத்தோடு அறை வாசலில் வந்து நின்றார்.

"அழகா இருக்கும் டீச்சர். மூலையில சின்னதா ஒண்ணு."

டீச்சர் கொசு மட்டையின் பொத்தானை அழுத்தினார். அது சன்னமாக உறுமியது. ஆம்புரோஸ் சார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நட்சத்திரத்தை எதிர்ச்சுவரில் ஒட்டினார்.