வெந்நீர்ச் சட்டி

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டு அது. கள்ளக்குறிச்சியில் ஒரு சிறு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். என் மகனுக்கு ஐந்து மாதம். குழந்தைகள் வார்டில் பேதி பரவியபோது, வேலை நேரத்தில் அங்கேயே விட்டிருந்த அவனும் படுத்தான். அவனையும் சேர்த்து ஐந்து பிள்ளைகள். வழக்கமான மருந்துக்குக் கிருமி சாகவில்லை.

அதற்கு முந்தின நாள்தான் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண், பேதியான கைக்குழந்தையோடு வந்திருந்தாள். போதாதா? “மலைத் தண்ணி. இவங்கதான் கொண்டாந்தது” என்றார் டாக்டர். சாரல் அடிக்கும் வராந்தாவுக்கு அவளை மாற்றினார்கள். இனி மலைக்காரர்களுக்கு உள்ளே கட்டில் இல்லை என்றும் உத்தரவாயிற்று.

“நான் இன்னாம்மா பண்ணேன்?” என்று அவள் என்னைக் கேட்டாள். குழந்தையின் பேதி மாதிரியை வாங்கிக்கொண்டு நடந்தேன். எனக்கும் அவள்மேல் சந்தேகம் இருந்தது.

ஆனால் சந்தேகத்தை வைத்து ஒருத்தியைச் சாரலில் படுக்க வைக்கலாமா? என் ஆசிரியை ஒருவர் சென்னையில் பிளாஸ்மிட் ஆராய்ச்சி செய்துவந்தார். பிளாஸ்மிட் என்பது கிருமிக்குள் தனியாகக் கிடக்கும் சின்ன மரபு வளையம். மருந்தை எதிர்க்கும் குணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அதைப் பிரித்து, ஜெல் என்ற கூழ்ப்பலகையில் மின்சாரம் வைத்து ஓட்டினால் அளவுக்கேற்பக் கோடுகள் விழும். கோடுகள் ஒத்துப்போனால் கிருமி ஒரே இடத்திலிருந்து பரவியிருக்கலாம்.

ஆறு பிள்ளைகளின் கிருமியையும் குழாய்களில் வளர்த்தேன். வார்டில் தொட்ட பொருள்களையெல்லாம் துடைத்து வளர்த்ததில், பால் புகட்டும் சங்குகள் கிடந்த வெந்நீர்ச் சட்டியிலும் கிருமி வந்தது. மகன் தேறியதும் அவனைக் கணவரிடம் விட்டுவிட்டு, குழாய்களோடு சென்னைக்குக் கிளம்பினேன். வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன்.

எலவனாசூர்கோட்டைக்கு அருகே போராட்டக்காரர்கள் மரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். பஸ் நின்றது. இறங்கி நடந்தேன்.

“பையில இன்னாம்மா?” என்றார் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்.

“பேதிக் கிருமிங்க.”

“அடக் கருமமே! அத்தப் போயி யாராச்சும் தூக்கிக்கினு திரிவாங்களா? டேய், வழி வுடுங்கடா, தொடாதீங்க!”

சில வாரம் கழித்து ஆசிரியையின் கடிதம் வந்தது. என் மகன் உட்பட ஐந்து பிள்ளைகளுக்கும் சட்டிக்கும் ஒரே கோடுகள். மலைக் குழந்தையின் கோடுகள் வேறு. அந்தத் தாய் தாய்ப்பால்தான் கொடுத்தாள். சங்கே அவளிடம் இல்லை. அம்மாக்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் சங்குகளையெல்லாம் ஒரே சட்டி வெந்நீரில் போடச் சொன்னது நான். சுத்தம் என்று நினைத்தேன். தண்ணீர் ஆறிப்போவதை யோசிக்கவில்லை.

டாக்டர் கடிதத்தைப் படித்தார். “ஏம்மா, உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிறியா? ரெஜிஸ்டர்ல ஏத்தாத.”

“ஏத்திட்டேன் சார். சட்டி என் யோசனைன்னும் எழுதிட்டேன்.”

அன்றும் வராந்தாவில் மலையிலிருந்து வந்த வேறொருத்தி, காய்ச்சல் பிள்ளையோடு படுத்திருந்தாள். அவள் பாயைச் சுருட்டினேன். “எழுந்திரும்மா, உள்ள கட்டில் காலியாத்தான் கீது.”

டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். வேலை போய்விடலாம் என்று தெரிந்தது. பாயை விடவில்லை.