பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்

நீங்கள் நம்பியே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் இது எனக்கு நடந்தது. மயக்கத்தில் கண்ட கனவு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சிறுநீர்க் குழாயில் கல். நான் வெல்டர், நெருப்புக்குப் பயந்தவனில்லை. அந்த வலிக்குப் பயந்தேன். ஆபரேஷன் அன்று மனைவி கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். துணைக்கு அண்ணன் வந்தான். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது கையைப் பிடித்துச் சொன்னான்.

"நீ வெளிய வா. பக்கத்தை விட்டு நகர மாட்டேன்டா."

கல்லை உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே ஒரு சின்னக் குழாயை வைத்து, அறைக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். தூங்கிவிட்டேன். சாயங்காலம் முதுகில் போட்ட ஊசியின் மரப்பு விட்டது. விலாவுக்குக் கீழே குத்த ஆரம்பித்தது. மணியை அழுத்தினேன். அடுத்த வலி ஊசிக்கு இன்னும் நேரமிருக்கிறது, முன்னாலேயே போட்டால் கிட்னிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார் நர்ஸ்.

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். நாற்காலியில் அண்ணன். காலையில் போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை.

"வலிக்குதுண்ணா."

கையை நீட்டி என் இடுப்பில் வைத்தான்.

ஐஸ் மாதிரி இருந்தது.

வலி... சுவிட்சை அணைத்தது போல நின்றது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆயிரம் இருந்தாலும் கூடப் பிறந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் உறைத்தது. அண்ணன் சரியான வாயாடி. இவன் பேசவே இல்லை. கண்ணும் இமைக்கவில்லை.

ஆறு பத்து. நர்ஸ் ஊசியோடு வந்தார். தட்டை வைக்க இடம் தேடினார்.

நாற்காலியில் வைத்தார்.

அவன் மடியில்... இல்லை, மடிக்குள்.

டங்... இரும்பில் தட்டு பட்ட சத்தம்.

"கூட யாருமே இல்லையா உங்களுக்கு?"

கண்ணைத் தாழ்த்தி இடுப்பைப் பார்த்தேன்.

கை இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

மறுநாள் மனைவிதான் வந்து கூட்டிப்போனாள். அண்ணன் போனை எடுக்கவில்லை. வீட்டுப் பக்கமும் எட்டிப்பார்க்கவில்லை. உள்ளே இருந்த குழாயை எடுத்த பிறகு, நானே அவன் கடைக்குப் போய் ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்டேன். முதலில் மழுப்பினான். அப்புறம் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"டீ குடிச்சிட்டு திரும்பி வந்தேன்டா. உள்ள உன் பக்கத்துல... நான் உக்காந்திருந்தேன். என் சட்டை. என் மூஞ்சி. அது திரும்பி என்னைப் பாத்துச்சு. ஓடிட்டேன்."

பார்த்திருக்கிறான். பார்த்தும், எழுந்திருக்க முடியாமல் கிடந்த என்னை அதன் பக்கத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

போகிற வழியில் நர்ஸிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.