கடலுக்கு நட்ட குச்சி

தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்தால் கடலையும் கண்காணித்துவிடலாம் என்று ஐம்பத்தோரு வயது வரைக்கும் நம்பினேன். சிரிக்காதீர்கள். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவனுக்கு அது பாலபாடம். சேரன்மகாதேவியில் ஆற்றில் இறங்குமுன் கரையோரம் குச்சி ஊன்றிவிட்டுத்தான் தலையை நனைப்போம். மேலே அணையைத் திறந்தால் முதலில் குச்சி நனையும். அது நனைந்தால் சோப்பைக்கூடத் தேடாமல் கரையேறிவிடுவோம்.

போன மே மாத விடுமுறைக்கு மனைவி, பத்து வயது மகளோடு வள்ளியூர் தாண்டிக் கடற்கரைக்குப் போனேன். ஒரு மீனவர் மணலிலேயே குடில்கள் கட்டி வாடகைக்கு விடுகிறார். நான்கு பனங்கம்புகள், மேலே தென்னங்கிடுகுக் கூரை, மூன்று பக்கம் ஓலைத்தட்டி, பின்னால் ரோடு. நான்காவது பக்கம் கடல்.

"கதவு எங்கய்யா?" என்றேன்.

"கடலுக்கு யாரு அண்ணாச்சி கதவு போடுவா?" என்று சிரித்தார் அவர்.

காற்றில் கூரை கிரீச்சிடும்போதெல்லாம் கம்பைப் பிடித்துக்கொண்டேன். நான் பிடிக்காவிட்டால் குடில் இலங்கைக்குப் போய்விடும் என்பதுபோல. மதியம் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துப் போய் அலை தொடும் இடத்துக்குச் சற்று மேலே ஊன்றினேன்.

"ஏங்க, கடலுக்குக் குச்சி நட்ட மொத ஆளு நீங்கதான்" என்றாள் மனைவி.

"குச்சி நனைஞ்சா ஓடணும், தெரியுதா?" என்று மகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். பொரித்த மீனும் சோறும் உள்ளே போனதும் காவலைக் குச்சியிடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்தேன்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. குச்சி நனையவில்லை. நனைய அங்கே தண்ணீரே இல்லை. காய்ந்த மணலில் அது தனியாக நின்றது. கடல் வெகுதூரம் பின்னால் போயிருந்தது. காலையில் கண்ணில் படாத பாறைகள் பச்சைப் பாசியோடு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. சுனாமிக்கு முன் கடல் இப்படித்தான் உள்வாங்கியது என்று இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். குச்சியின் பக்கத்தில் மகளின் செருப்புகள். அவளும் அவள் அம்மாவும் கடைசிப் பாறையில் குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஓடினேன். "கடல் உள்வாங்குது! வாங்க! ஓடியாங்க!" என்ற என் குரல் எனக்கே ஆட்டுக்குட்டி கத்துவதுபோலக் கேட்டது. வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாசியில் வழுக்கி இரண்டு முறை விழுந்தேன். முட்டியில் ரத்தம். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினால், எதிரே குடில்காரர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

"ஏன் அண்ணாச்சி இப்படிப் பதறுதீய? இன்னைக்குப் பௌர்ணமில்லா? தண்ணி வத்தும், பெறவு ஏறும். மாசாமாசம் உள்ளதுதான வே!"

"எனக்குத் தெரியும். சும்மா, இவங்கள ஒரு சோதன பண்ணிப் பார்த்தேன்" என்றேன் மூச்சிரைக்க.

மனைவி என் முட்டியைப் பார்த்தாள். "சோதனயில யாரு பாஸு?"

அவளும் அவரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சமாளித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். தோளிலிருந்து இறங்கிய மகள் மட்டும் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"எப்பா, மொதல்ல ஏன் ரோட்டுப் பக்கம் ஓடுனீங்க?"

எந்தக் கேள்விக்கும் என்னிடம் ஒரு நக்கல் தயாராக இருக்கும். வண்டிச் சாவி எடுக்க என்றிருக்கலாம். ஆளைக் கூட்டிவர என்றிருக்கலாம். குனிந்து முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினேன்.

மறுநாள் காலை கடல் பழைய இடத்தில் இருந்தது. குச்சியைக் காணோம். வேறொன்றும் நடக்கவில்லை. அலை வரவில்லை, யாருக்கும் ஆபத்தில்லை. முந்தின நாள் குடிலைவிட்டு வெளியே வந்ததும் நான் ரோட்டைப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு அடி ஓடினேன். அதற்குப் பிறகுதான் மகள் ஞாபகம் வந்து திரும்பினேன். அதை அவள் பாறைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.