ஜெயராணி அக்காவின் நான்காவது பயணம்

மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தைக் கொக்கித் தராசில் மாட்டிவிட்டு ஜெயராணி அக்கா அசையாமல் நிற்கிறார். முள் ஆடி அடங்கும்வரை கடையில் யாரும் தும்மக்கூடாது. மீன் மார்க்கெட்டில் பல கை மாறி வந்த தராசு அது. சூரை மீனைத் தொங்கவிட்டு நிறுக்கப் பிறந்தது. மிளகாய்ப்பொடியை எல்லாம் அது ஒரு பொருளாகவே மதிப்பதில்லை. முள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. "ஏக்தம் லைட்டு," என்று திருப்தியாகச் சொல்லி, பொட்டலத்தைப் பைக்குள் வைக்கிறார். இந்தத் தராசின் கணக்குப்படி பையில் இருக்கும் பாதிச் சாமான்களுக்கு எடையே கிடையாது. நான் அதை எடுத்துச் சொன்னேன். "நீ பத்தாவதுல வாங்குன மார்க்கையும் இதுல மாட்டிப் பாத்தேன்டா. அதுக்கும் முள்ளு அசையல," என்றார்.

எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் தார்ப்பாய் தைப்பவர் அவர். கடை என்றால் ஒரு கனத்த மெஷின், ஒரு ஸ்டூல், சுவரோடு சாய்த்த தார்ப்பாய்ச் சுருள்கள், அவ்வளவுதான். ஆட்டோவுக்கு மேல்கூடு, படகுக்கு நிழல், கிழிந்த லைஃப் ஜாக்கெட்டுக்கு ஒட்டு. வாயில் எப்போதும் ஒரு ஊசி இருக்கும். அதனால் அவர் பேச்சு முழுக்கப் பல்லிடுக்கு வழியாகவே வரும். பெங்காலி, தெலுங்கு, மலையாளி என்று வருகிற எல்லாரோடும் இந்தியில் சண்டை போடுவார். மெஷினோடு மட்டும் தமிழில். "என்னடி, இன்னிக்கு ஒனக்கு என்ன நாடகம்?" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் அது ஓடும்.

இவரும் என் அம்மாவும் பனிமலைக்குப் போகிறார்கள். உத்தராகண்டில் ஐந்து நாள் நடை, அவரவர் பையை அவரவர் முதுகில் சுமந்து. என் அம்மா ரீத்தாவுக்கு ஐஸ் பிளாண்டில் மீன் பிரித்துக் கட்டுகிற வேலை. மின்னி பே பகுதியில் எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தகரம் மட்டுமே. அந்தத் தகரத்தின் மேலாக இரண்டு வருடமாக இந்தப் பயணம் பேசப்பட்டு வருகிறது. திட்டம் முழுவதும் அக்காவுடையது. அம்மா தலையாட்டுகிற வேலையை மட்டும் ஏற்றுக்கொண்டிருந்தாள்.

ஏன் மலை என்று கேட்டால் அக்கா மலையைப் பற்றிப் பேசமாட்டார், கப்பலைப் பற்றிப் பேசுவார். "மெயின்லேண்டுக்கு மூணு தடவ போயிருக்கேன். மூணும் ஆஸ்பத்திரி. ஒருக்க அப்பாவுக்கு, ஒருக்க மாமியாருக்கு, ஒருக்க இவருக்கு. மெட்ராஸ்ல நான் பாத்ததெல்லாம் வார்டும் மருந்துக்கடையும்தான். ஒரு தடவயாச்சும் மருந்துச்சீட்டு இல்லாம கப்பல் ஏறணும்." மூன்றாவது முறை இருவராகப் போனார்கள், அக்கா மட்டும் திரும்பி வந்தார். அதை அவர் சொல்வதில்லை. எங்கள் தெருவில் யாரும் கேட்பதுமில்லை.

குளிருக்குப் பழக வேண்டும் என்று ஒருநாள் இருவரும் ஐஸ் பிளாண்டின் குளிர் அறைக்குள் படுத்துப் பார்த்தார்கள். பழைய கம்பளியையும் ரெயின்கோட்டுத் துணியையும் சேர்த்து அக்காவே தைத்த தூங்குபைகள். சுற்றிலும் மீன் பெட்டி அடுக்கியிருந்தது. அம்மாவுக்கு அது ஆபீஸ் மாதிரி. படுத்தவுடன் குறட்டை விட்டாள். அக்கா வெளியே வந்தபோது நாவல்பழம் தின்றவர் போல உதடு கறுத்திருந்தது. நான் கைதட்டிச் சிரித்தேன். அவர் பல் தந்தியடிக்கக் கேட்டது ஒரே கேள்வி: "பனியில மீன் வாட வராதுல்ல?"

இந்தத் தீவில் ஒருவர் மெயின்லேண்டு போகிறார் என்றால் அவர் மனிதர் இல்லை, பார்சல் வண்டி. சேதி பரவிய மறுநாளே அடுத்த சந்துப் பேச்சியம்மா இரண்டு தேங்காயும் ஒரு பொதி கருவாடும் கொண்டு வந்தார். மதுரையில் இருக்கும் தங்கைக்காம்.

"நான் மதுரைக்குப் போகலம்மா. இமயமலைக்குப் போறேன்."

"மதுரையத் தாண்டித்தான அங்க போவணும்? போற வழியில எறங்கிக் குடுத்துட்டுப் போ."

"மலையில ஒங்களுக்கு யாராச்சும் சொந்தம் இருந்தா சொல்லுங்க, குடுக்குறேன். கீழ எறங்கமாட்டேன்."

பேச்சியம்மா கோபித்துக்கொண்டு போனார். தேங்காய்களை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அக்கா அன்றே சட்னி அரைத்தார்.

அவரை ஏமாற்ற நான் எடுத்த முயற்சிகள் எல்லாம் வீண். தினமும் காலையில் அவர் பையை மாட்டிக்கொண்டு எங்கள் தெருவின் ஏற்றத்தில் ஏறி இறங்குவார். ஒருநாள் பையின் அடியில் ஒரு செங்கல்லைத் திணித்து வைத்தேன். திரும்பி வந்தவர் கல்லை எடுத்து என் கையில் கொடுத்து, "நல்ல வேல பண்ணுன. நாளைக்கு ரெண்டு வை," என்றார். அதன் பிறகு ஒரு வாரம் நான் கல் தேடி அலைந்தேன். குறும்பு வேலையாக மாறிவிட்டால் அதில் என்ன சுகம்?

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கிற கருவி ஒன்று அவரிடம் உண்டு. கொரோனா காலத்தில் கணவருக்காக வாங்கியது. மலையேறக் கூட்டிப்போகிற கம்பெனிக்காரர்கள் தினமும் சாயங்காலம் எல்லார் விரலிலும் மாட்டிப் பார்ப்பார்களாம். எண் குறைந்தவரைக் கீழே அனுப்பிவிடுவார்களாம். அக்கா அதைவிடக் கெடுபிடியாக ஒரு சட்டம் போட்டார். "நம்ம ஊரு மேட்டுலயே தொண்ணூறுக்குக் கீழ போற ஆளு அந்த மலைக்கு வேண்டாம். யாரா இருந்தாலும் சரி." யாரா இருந்தாலும் என்றது என் அம்மாவைத்தான். அம்மா குண்டு. போகும் வழியெல்லாம் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது ஒன்றுதான் அவர் பயம். நான் அந்தக் கருவியை ஒருநாள் வாழைப்பழத்தில் மாட்டி, அது காட்டிய எண்ணைப் போய்ச் சொன்னேன், "அக்கா, அம்மாவுக்கு இவ்வளவுதான் இருக்கு" என்று. வாயிலிருந்த ஊசியைத் துப்பிவிட்டு ஓடி வந்தார். பழத்தைப் பார்த்த பிறகு என் காது இரண்டு நாள் சிவந்திருந்தது.

போன ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, கடைசி ஒத்திகை. அடுத்த வாரம் கப்பல். சாத்தம் துறையில் படகேறி, எதிர்க்கரையில் பம்பூ ஃப்ளாட்டில் இறங்கி, ஹாரியட் மலை. அரசாங்கம் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டது. எங்கள் தெருவுக்கு இன்னும் தகவல் வந்து சேரவில்லை. முழுப் பையோடு ஏறி இறங்க வேண்டும் என்பது கட்டளை. இருவரும் மூச்சுவாங்குவதை வீடியோ எடுத்துத் தெருவுக்கே காட்டலாம் என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

முதல் வளைவிலேயே ஆரம்பித்தார். "நில்லு ரீத்தா. விரல நீட்டு."

"இப்பத்தானளா ஏற ஆரம்பிச்சோம்."

"நீட்டுன்னா நீட்டு." பார்த்தார். "தொண்ணூத்தேழு. ச்சலோ."

அடுத்த வளைவில் மறுபடி. அதற்கடுத்த வளைவில் மறுபடி. ஒவ்வொரு முறையும் தொண்ணூற்றேழு. ஐஸ் பெட்டி தூக்கிப் பழகிய என் அம்மா பையை மாட்டிக்கொண்டு மாதா பாட்டு ஒன்றை முனகியபடி ஆடி ஆடி ஏறினாள். பட்டை அழுத்தியதில் தோள் சிவந்து தோல் வழன்றிருந்தது. அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. அக்கா சோதனையை விடவில்லை. வளைவுக்கு ஒரு தடவை என்று இருந்தது, கொஞ்ச நேரத்தில் மரத்துக்கு ஒரு தடவை என்று ஆனது. வளைவும் இல்லாத, மரமும் இல்லாத ஓர் இடத்தில் மறுபடி, "நில்லு ரீத்தா," என்றபோது குரல் பாதியில் அறுந்தது. அவர் கை சாலையோரக் கல்லைத் தேடிக்கொண்டிருந்தது. அதுவரை நான் எடுத்த வீடியோவில் இருந்ததெல்லாம் அம்மாவின் விரல்தான். இப்போது செல்போனைப் பையில் போட்டேன்.

"என் வெரலயே நோண்டிக்கிட்டு இருக்கியே," என்றாள் அம்மா. "ஒன் வெரலக் காட்டுளா பாப்போம்."

"எனக்கு எதுக்கு? நான் லீடர்."

"லீடருக்கு வெரலு கெடையாதோ?" அம்மா சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து மாட்டினாள்.

எண் கொஞ்சம் தயங்கியது. பிறகு எண்பத்துமூன்றில் நின்றது.

அம்மாவின் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, எடுக்க மறந்துவிட்டவள் போல. கருவியைக் கழற்றித் தன் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றேழு. அக்காவின் மற்றொரு கையில் மாட்டினாள். எண்பத்திரண்டு. எங்களைத் தாண்டி ஒரு ஜீப் மேலே போனது. அதிலிருந்த பிள்ளைகள் கையாட்டினார்கள். யாரும் திருப்பி ஆட்டவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"டேய், நீதான?"

கருவி மாட்டிய விரலை என் முன்னால் நீட்டினார்.

"இதுல என்னமோ பண்ணி வச்சிருக்க. சொல்லுடா. அடிக்கமாட்டேன். பேட்டரிய மாத்துனியா? உள்ள ஏதாச்சும் ஒட்டுனியா? ரீத்தா, இவன்தான். அன்னிக்கு வாழப்பழத்துல மாட்டுனான்ல? பத்மாஷ் பய." சிரித்தார். சிரிப்புக்கு நடுவில் மூச்சு இழுத்தது. "சொல்லுடா ராசா. நீதான பண்ணுன?"

என்னை யாரும் ராசா என்றதில்லை. என் குறும்பை யாரும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதுமில்லை. "ஆமாக்கா" என்ற ஒரு சொல் போதும். காதைத் திருகியிருப்பார், என் அப்பனையும் சேர்த்துத் திட்டியிருப்பார், மேலே ஏறியிருப்பார். அடுத்த வாரம் கப்பலும் ஏறியிருப்பார். சொல் நாக்குவரை வந்துவிட்டது. அம்மாவும் என்னையே பார்த்தாள். அவளுக்கும் அந்தச் சொல்தான் வேண்டியிருந்தது. நான் அக்காவின் உதட்டைப் பார்த்தேன். ஐஸ் அறையில் பார்த்த அதே நாவல்பழ நிறம். இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"இல்லக்கா."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா இல்லக்கா. நான் தொடவே இல்ல."

அவர் கருவியைச் சேலைத் தலைப்பில் துடைத்து உறைக்குள் போட்டார். சட்டத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. "ச்சலோ. எறங்கு," என்று அவரே திரும்பி நடந்தார். அம்மா அவர் பையைக் கேட்டாள், தரவில்லை. கொஞ்சதூரம் போய் மறுபடி கேட்டாள், கழற்றிக் கொடுத்தார். முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை என்று என் அம்மா மலை இறங்கினாள். பாட்டு நின்றுவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தில் ஓட்டை என்றார்கள், பிறவியிலேயே இருந்திருக்கிறதாம். மேற்கொண்டு பார்க்க மெயின்லேண்டு போகவேண்டுமாம், தள்ளிப் போடக்கூடாதாம். கடைக்கு வந்து விசாரித்தவர்களிடம் அக்கா தார்ப்பாயைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னார்: "பொறந்ததுல இருந்தே கிழிசலாம். நாப்பத்தேழு வருசமா தைக்காமலே ஓட்டியிருக்கேன். நல்ல துணிதான்."

நேற்று நாலரை மணிக்கு அம்மா ஐஸ் பிளாண்டிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். எங்கள் ஊரில் அதுதான் பொழுது சாய்கிற நேரம். நான் ஆட்டோக்காரர் ஒருவருடைய மேல்கூட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துருவோம்ளா," என்றாள் அம்மா. "ஒனக்குச் சொகமாவட்டும். மலை எங்கயும் ஓடிப் போயிராது."

"கப்பல் டிக்கெட்ட எவளாச்சும் திருப்பிக் குடுப்பாளா? பாகலா, பைத்தியமா நீ? மெட்ராஸ் வரைக்கும் ஒண்ணாத்தான் போறோம். அங்க என் தம்பி சிவப்பிரகாசம் வருவான். நான் அவனோட ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ ரயில் ஏறு."

"ஒன்னிய ஆஸ்பத்திரியில விட்டுட்டு நா பனி பாக்கப் போகவா? மனுசியா நானு?"

"போகலன்னா நாலாவது தடவையும் நான் ஆஸ்பத்திரிக்குன்னே கப்பல் ஏறுன மாதிரி ஆயிரும் ரீத்தா." வாயில் ஊசி இல்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. "நீ போனா, ரெண்டு பேரும் மலைக்குக் கெளம்புனோம், எனக்கு வழியில ஒரு வேல வந்துருச்சு. அவ்வளவுதான்."

"எனக்கு ஒன் பையில இருக்குற அந்த ஸ்டவ்வப் பத்த வைக்கக்கூடத் தெரியாதேளா. எங்க எறங்கணும், எங்க ஏறணும், எல்லாம் ஒன் தலைக்குள்ளதான இருக்கு."

"கப்பல்ல மூணு நாளு சும்மாதான இருக்கப் போற? சொல்லித் தாரேன். பேசாம அந்தத் தோளக் காட்டு."

அம்மா ரவிக்கையின் ஓரத்தைக் கொஞ்சம் ஒதுக்கினாள். புண் இன்னும் ஆறவில்லை. அக்கா விரலால் அதைச் சுற்றி அளந்தார். பிறகு தன் பையை மடியில் போட்டு, உள்ளிருந்த சாமான்களைத் தரையில் கொட்டினார். பிளேடை எடுத்து, தான் இரட்டைத் தையல் போட்டிருந்த, தோளில் மாட்டும் பட்டையை ஓரத்திலிருந்து பிரிக்க ஆரம்பித்தார். படகுக்குப் போடுகிற தடித்த நூல். ஒவ்வொரு தையலாக அறுக்க வேண்டியிருந்தது. உள்ளிருந்த மெத்தைப் பஞ்சை உருவினார். கடையிலேயே கிடந்த அம்மாவின் பையை மெஷினுக்கு இழுத்து, அதன் பட்டைக்குள் அந்தப் பஞ்சைத் திணித்து, விரலால் அழுத்திப் பார்த்து, மிதித்தார். பாதித் தையலில் கால் நின்றது. ஒரு கையை மெஷினின் தலையில் ஊன்றி, மூச்சு திரும்பும்வரை ஊசி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிதித்தார்.