ஹெஸ்டர் ஊற்றிய தேநீர்

ஹெஸ்டர் பர்கிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தே காலத்தைக் கழித்தவள். பூ என்றால் அவளுக்குக் காலிஃபிளவர்தான். ஸ்னோட்ராப் என்கிற பனித்துளிப் பூப் பைத்தியமெல்லாம் அவள் கணவன் செட்ரிக்குக்கு. எங்கள் கிளாஸ்டர்ஷயர் பக்கம் இந்தப் பைத்தியம் கொஞ்சம் அதிகம். பிப்ரவரிக் குளிரில் மண்டியிட்டு, தொங்கும் பூவை விரலால் நிமிர்த்தி உள்ளே எட்டிப் பார்க்கிற பெரிய மனிதர்கள் நிறைய. செட்ரிக்குக்கு அதுவும் போதவில்லை. ஊருக்கெல்லாம் பிப்ரவரியில் பூத்தால் அவனுக்கு அக்டோபரிலேயே பூக்க வேண்டும்.

கிரேக்கத்து வகை ஒன்று, துருக்கி வகை ஒன்று. தெற்குச் சுவரடியில், சரளை மண்ணில், இரண்டு முழ இடைவெளியில் நட்டிருந்தான். இரண்டும் இலை வருவதற்கு முன்பே பூக்கும். பூவை மட்டும் பார்த்து எது எதுவென்று செட்ரிக்கே சத்தியம் செய்ய மாட்டான். பிறகு இலை வரும்; கிரேக்கத்து இலையின் நடுவில் வெள்ளிக் கோடு ஓடும், துருக்கி இலையில் அது இருக்காது. அதுவரை மண்ணில் செருகிய பெயர்ச்சீட்டுதான் கதி.

மார்ச்சில் செட்ரிக் செத்தான். அவன் ஆசைப்பட்டபடியே ஹெஸ்டர் அவன் சாம்பலைக் கிரேக்கத்துக் கிழங்குகளின் அடியில் புதைத்தாள். கல்லறையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் சீட்டு மட்டும்தான்.

ஜூனில், இலையெல்லாம் காய்ந்து மறைந்த பிறகு, மேக்பை பறவைகள் சீட்டுகளைப் பிடுங்கி எறிந்தன. ஹெஸ்டர் பொறுக்கி எடுத்து, ஞாபகத்தை நம்பித் திரும்பச் செருகினாள். அப்புறம் கோடை முழுக்கச் சாயங்காலமானால் தேநீர்க் கெண்டியோடு அங்கே போய், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பேசுவாள். கடைசி மடக்கைக் கிரேக்கச் சீட்டின் அடியில் ஊற்றுவாள்.

"யாருகிட்டடி பேசுற?" வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"செட்ரிக்கிட்டதான், டோரீன். சர்க்கரை கம்மியாம்."

"செத்தும் குறை சொல்றத விடலையா அந்த ஆளு?"

"பதில் சொல்றானே, அது போதும் எனக்கு. கொட்டகைச் சாவி தேயிலை டப்பாவுக்குள்ள கிடக்குன்னு சொன்னான். போய்ப் பார்த்தேன், இருந்துச்சு." கெண்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "இப்பல்லாம் நான் எழுந்தா 'போகாதே'ங்கறான். உசுரோட இருந்தப்ப ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல."

கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்தச் சாவி விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் வந்தது. துருக்கிச் சீட்டின் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. கிரேக்கச் சீட்டின் பக்கத்தில் வெறும் மண். நான்தான் தோண்டிப் பார்த்தேன். கிழங்கெல்லாம் அழுகிக் கூழாகியிருந்தது; அந்தச் சேற்றில் சாம்பல் இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. இந்தக் கிழங்குகள் கோடையில் காய்ந்து கிடந்து உறங்க வேண்டியவை.

ஹெஸ்டரின் முகம் செத்துப்போனது. "தினமும் டீ ஊத்தினேனேடி. நானே அவன மூழ்கடிச்சுட்டேனே!"

"இருடி. சீட்டு இடம் மாறியிருந்தா? பூத்திருக்கறது செட்ரிக்கோடதா இருந்தா? இலை வரட்டும், கோடு இருக்கா பார்ப்போம்."

அந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பூ உதிரும்வரை சன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்து அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரடிப் பக்கம் போகவே பயந்தாள்.

நவம்பரில் இலை நீண்டது. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டியிட்டேன். இலையின் நடுவில் வெள்ளிக் கோடு பளிச்சென்று ஓடியது.

"கோடு இருக்குடி! இதுதான் கிரேக்கம். உன் செட்ரிக் இங்க பத்திரமா இருக்கான். அழுகினது துருக்கி!"

ஹெஸ்டர் அழுதாள், சிரித்தாள், அந்த இலையைக் கன்னத்தைத் தடவுவதுபோல் தடவினாள். "பாவம், இத்தன நாளா உனக்கு ஒரு வாய் டீ கூடக் குடுக்கலையே" என்றாள்.

சொன்னவள் அப்படியே நின்றாள். மெல்லத் திரும்பி, நான் தோண்டிய குழியைப் பார்த்தாள்.

"டோரீன், அப்ப கோடை முழுக்க எனக்குப் பதில் சொன்னது யாரு?"

"உள்ள வாடி" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. அந்தக் குழியின் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.